மெஷினுக்கு வேர்க்காது

அந்த ஜன்னலைக் கொஞ்சம் தள்ளி விடுங்க அண்ணாச்சி. முழுசா வேண்டாம், பாதி போதும். முன் சீட்டு ஜன்னலும் பாதி திறந்திருக்கு பாருங்க, அதுல நுழைஞ்சு இதுல வெளிய போகும். உள்ள வர ஒரு வழி, வெளிய போக ஒரு வழி. ரெண்டும் இருந்தாத்தான் காத்தோட்டம். ஒண்ணு மட்டும் இருந்தா அது வெறும் ஓட்டை. சும்மா சொல்லுதேன்னு நினைக்காதீய. திருநெல்வேலி ஜில்லாவுல சூட்டைப் பத்தி என்னை மாதிரி ஆராய்ச்சி பண்ணின ஆளு கிடையாது.

தென்காசிக்கா போறீய? நானும் அங்கதான். மச்சினன் வீட்டுக்கு. வீட்டுக்காரி அங்கன இருக்கா, கூப்பிடப் போறேன். கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாளோன்னு நினைச்சிராதீய. அப்படியெல்லாம் ஒண்ணுமில்லை. சாரல் சீசன்லா, தம்பி வீட்டுல இருந்துட்டு வரட்டும்னு நானே விட்டுட்டேன். வைகாசியில போனா. இப்ப ஆடி.

என் பேரு காந்திமதிநாதன். கூட்டுறவு பண்டகசாலையில சூப்பிரண்டண்டா இருந்து, இந்தத் தை மாசம் ரிட்டயர் ஆனேன். பெருமாள்புரத்துல சொந்த வீடு. எனக்கு ஒரே ஒரு ஆசைதான் அண்ணாச்சி. வேலை முடிஞ்சு வீட்டுல உக்காந்தா நல்லபடியா பாட்டு கேக்கணும். இந்தச் செல்போன்ல கீச்சுகீச்சுன்னு கேக்கிறாங்களே, அது பாட்டு இல்லை. மிருதங்கத்துல விரல் படுதது தெரியணும். அதுக்குன்னு ஒரு ஆம்ப்ளிஃபயர் வாங்கினேன். தூக்கிப் பாத்தா அம்மிக்கல்லு மாதிரி இருக்கும். அது போக சிடி ஓடுத மெஷின், டிவி பாக்ஸ், நெட்டு பாக்ஸ். எல்லாத்துக்கும் சேத்து தேக்குல ஒரு கேபினட். முன்னால கண்ணாடிக் கதவு. நல்லா இறுக்கமா மூடும், எறும்பு நுழையாது.

எறும்பு நுழையலை. பாட்டும் நிலைக்கலை. பல்லவி போகும், அனுபல்லவி போகும், சரணத்துக்கு வரும்போது டக்னு நின்னுரும். பெறகு அரை மணி நேரம் கழிச்சுப் போட்டா மறுபடி பாடும். மறுபடி நிக்கும். உலகு அடுக்களையில இருந்து, "பாட்டு முடிஞ்சிட்டா?"ன்னு கேப்பா. உலகுன்னா உலகம்மாள், என் வீட்டுக்காரி. முடியலைன்னு அவளுக்குத் தெரியும். தெரிஞ்சேதான் கேப்பா.

மெக்கானிக்கு ஐசக்கைக் கூப்பிட்டேன். நல்ல பையன்னு சொல்லக் கூடாது, அவனுக்கும் ஐம்பது வயசாச்சு. அவன் கதவைத் திறந்து உள்ள கையை வச்சான். "சார், தோசைக்கல்லு மாதிரி இருக்கு. சூடு தாங்காம தன்னால ஆஃப் ஆகுது. கதவைத் திறந்து வச்சுக் கேட்டாலே போதும்"ன்னான்.

"தூசி ஏறுமே வே. நாளுக்கு ரெண்டு தடவை இவ பெருக்குதா."

"அப்ப ஒரு ஃபேன் மாட்டிருவோம்."

மாட்டினான் அண்ணாச்சி. அதைப் பாத்தீயன்னா அசந்து போவீய. கேபினட்டுக்கு அடியில வரிசையா துளை, அது குளிர்ந்த காத்து வர. மேல பின்பக்கம் உள்ளங்கை அகலத்துல ஒரு ஃபேன், அது சூட்டை வெளிய தள்ள. சூடான காத்து மேலதான் போகும், அது இயற்கை. இதுக்கு நடுவுல தெர்மோஸ்டாட்டுன்னு ஒரு குட்டிப் பெட்டி. அதுல இருந்து ஒரு ஒயர். ஒயர் நுனியில நெல்லுமணி மாதிரி ஒரு முனை. அந்த முனை எங்க இருக்கோ அந்த இடத்துச் சூட்டை அது படிக்கும், முன்னால சிவப்பு எழுத்துல காட்டும். முப்பத்தெட்டுன்னு வச்சோம். முப்பத்தெட்டைத் தொட்டா ஃபேன் தன்னால ஓடும். முப்பத்தஞ்சுக்கு இறங்கினா தன்னால நிக்கும்.

அதுதான் எனக்குப் பிடிச்சது. சூடு தாங்கலைன்னு அது வாய்விட்டுக் கேக்கணும்னு நாம காத்திருக்கக் கூடாது. கேக்கிறதுக்கு முந்தியே கவனிக்கணும். நான் பால்காரன்கிட்ட கூட இதை விளக்கிச் சொன்னேன். அவன் வாயைப் பொளந்து கேட்டுட்டுப் போனான்.

உலகும் வந்து பாத்தா. கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டு, "நல்லா இருக்கு. இதே மாதிரி ஒண்ணு அடுக்களைக்கும் போட்டா என்ன?"ன்னா.

இது அவளுக்கு வீடு கட்டின காலத்துல இருந்தே உள்ள பேச்சு. எக்ஸாஸ்ட் ஃபேன் வேணும், எக்ஸாஸ்ட் ஃபேன் வேணும். மேஸ்திரியும் அவ பேச்சைக் கேட்டு அடுக்களைச் சுவர்ல மேல ஒரு ஓட்டை விட்டுட்டுப் போயிட்டான். அதுல புறா வந்து உக்காருது. நான்தான் பலகை வச்சு ஆணி அடிச்சேன். இருக்கிற ஒரே ஜன்னலும் பக்கத்து வீட்டுச் சுவரைப் பாத்தது. அதுக்கு நான் என்ன செய்ய?

"ஏட்டி, அடுக்களைன்னா சூடாத்தான் இருக்கும். அடுப்பு எரியுத இடம். அதைக் குளிர வச்சா சோறு எப்படி வேகும்?"ன்னேன். அவ போயிட்டா.

பங்குனி முழுக்க அருமையாப் பாடுச்சு. சித்திரை பிறந்துச்சு பாருங்க, ஆரம்பிச்சுது வினை. காலையில பத்து மணிக்கு மேல ஃபேன் நிக்கவே மாட்டேங்குது. நாப்பது, நாப்பத்தொண்ணுன்னு ஏறுது. நான் நாற்காலியை எடுத்துப் போட்டுக் கேபினட்டுக்கு முன்னாலயே உக்காந்துட்டேன். விசிறியால வீசிக் கூடப் பாத்தேன். எனக்கு இல்லை, அதுக்கு. பெறகு சந்தேகம் வந்து பின்னால கையை விட்டுச் சுவரைத் தொட்டேன். சுடுது அண்ணாச்சி! சுவரு சுடுது! அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன? அடுக்களை. நேர் பின்னால என்ன? அடுப்பு. ஐசக்கு கண்டுபிடிக்கலை, நான் கண்டுபிடிச்சேன்.

உடனே உலகைக் கூப்பிட்டு எடுத்துச் சொன்னேன். பொறுமையாத்தான் சொன்னேன். "இங்க பாரு, உன் அடுப்புச் சூடு சுவரு வழியா இங்க வருது. அதனால இனிமே விடியறதுக்குள்ள சமையலை முடிச்சிரு. வறுக்கிறது பொரிக்கிறது எல்லாம் மழை காலத்துல வச்சுக்கிடுவோம்."

அவ முந்தானையால கழுத்தைத் துடைச்சா. "சுவரே உங்களுக்குச் சுடுது. அந்தப் பக்கம் நான்லா நிக்கேன்."

"நீயும் மெஷினும் ஒண்ணா? மனுஷனுக்குக் கடவுள் வேர்வையைக் குடுத்திருக்கான். வேர்த்தா தன்னால ஆறிரும். மெஷினுக்கு வேர்க்காதுலா. அதுக்கு யாரு இருக்கா, நம்மளை விட்டா?"

"அப்படியா"ன்னா. அப்படியேதான் சொன்னா. புரிஞ்சுக்கிட்டான்னு நினைச்சேன்.

சொன்னபடி விடியறதுக்குள்ள சமைச்சும் வச்சிருவா. மத்தியானம் ஆறின சோறு, ஆறின ரசம், வத்தல் கிடையாது, அப்பளம் கிடையாது. ஒரு ஆம்பளை ரிட்டயர் ஆகி வீட்டுல உக்காந்து ஆறின ரசம் குடிக்கான். நான் ஒரு வார்த்தை குறை சொல்லலை. கொஞ்சம் சுட வச்சுக் குடுன்னு மட்டும்தான் கேப்பேன். அது சமையல் இல்லையே, சுட வைக்கிறதுதானே.

சிரிக்கீய. சிரிங்க. இனிமேத்தான் இருக்கு.

அக்னி நட்சத்திரம் தொடங்கின சமயம். ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டுக்கு முந்தி குளிச்சிட்டு வந்து பாக்கேன், நாப்பத்தஞ்சு! ஃபேன் கத்துது. ஆம்ப்ளிஃபயரை இன்னும் போடவே இல்லை. தொட்டுப் பாத்தா பச்சைத்தண்ணி மாதிரி இருக்கு. ஐசக்கு வந்தான், பாத்தான், தெர்மோஸ்டாட்டு கெட்டுப் போச்சு போலன்னு புதுசு மாட்டினான். பழைய ஒயரையே அதுல சொருகினான். புதுசும் நாப்பத்தாறு காட்டுது. நான் அதைச் செஞ்ச கம்பெனிக்காரன் பரம்பரையையே இழுத்துப் பேசிட்டேன்.

ஐசக்கு மட்டும் ஒயரைப் பிடிச்சுக்கிட்டே போனான். கேபினட்டுக்குக் கரெண்டு அடுக்களை பிளக்குல இருந்துதான் எடுத்திருக்கோம், சுவர்ல ஓட்டை போட்டு. அந்த ஓட்டை வழியா நம்ம ஒயரும் போகுது! இவன் சுத்திக்கிட்டு அடுக்களைக்குள்ள போனான். நானும் வாசல்ல நின்னு எட்டிப் பாத்தேன். அடுப்புக்கு மேல, சரியா உலகு தலை உயரத்துக்கு, ஒரு ஆணியில அந்த நெல்லுமணி முனை தொங்குது. அதுக்குக் கீழ உலகு நின்னு எனக்கு ரசம் சுட வச்சுக்கிட்டு இருக்கா.

ஐசக்கு வேர்த்துப்போன சட்டைக் காலரைத் தூக்கி விட்டுக்கிட்டு வெளிய வந்தான். "சார், கருவியில கோளாறு இல்லை. இருக்கிற இடத்துச் சூட்டைச் சரியாத்தான் காட்டுது"ன்னுட்டுப் பையை எடுத்துக்கிட்டுப் போயிட்டான். ஒரு மெக்கானிக்கு பேசுத பேச்சா இது? ஆம்ப்ளிஃபயர் சூடு எனக்குத் தெரியலையே, அது கோளாறு இல்லையா?

"யாரு இதை மாத்தினது?"ன்னேன்.

"நான்தான்."

"எதுக்கு?"

"எனக்கும் தெரியணும்லா, எவ்வளவுன்னு."

"தெரிஞ்சு என்ன செய்யப் போறே?"

அவ கரண்டியைக் கீழ வச்சா. "நான் ஒண்ணும் செய்யலை. நீங்க ஹால்ல உக்காந்து அந்த நம்பரையே பாத்துக்கிட்டு இருக்கீய. நாப்பதுன்னதும் விசிறியை எடுக்கீய. அதான், என் நம்பரும் உங்க கண்ணுல படட்டும்னு வச்சேன்."

பாத்தீயளா எப்படிப் பேசுதான்னு? ஒரு கருவி அண்ணாச்சி, ஒரு விஞ்ஞானம். அதைத் தூக்கி அடுப்படியில தொங்க விட்டுட்டு என்கிட்ட வியாக்கியானம். ஒயரை இழுத்துப் பழைய இடத்துல ஒட்டினேன். அந்த ஓட்டையைச் சுத்திச் சிமெண்டு பூசி அடைச்சேன். சண்டை போடலை. நான் சண்டை போடுத ஆளு இல்லை.

அதுக்குப் பெறகு கொஞ்ச நாள் அவ பேச்சைக் குறைச்சுக்கிட்டா. வீடு அமைதியா இருந்துச்சு. பாட்டு கேக்க வசதியா இருந்துச்சு.

வைகாசியில, கூட வேலை பாத்தவங்க சில பேரைக் குடும்பத்தோட சாப்பிடக் கூப்பிட்டேன். சாப்பாடுங்கிறது ஒரு சாக்கு. கேபினட்டைக் காட்டணும். அன்னைக்கு மட்டும் உலகுக்கு விதிவிலக்கு குடுத்தேன். பகல்லயே சமைச்சுக்கோ, வடை போட்டுக்கோ, பாயசம் வச்சுக்கோ, சூடா இருக்கட்டும்னுட்டேன். பெருந்தன்மைதானே அது?

எல்லாரும் வந்தாச்சு. அடுப்புச் சூடு படாம அன்னைக்கு மட்டும் கேபினட்டைச் சுவரை விட்டுத் தள்ளி வச்சிருந்தேன். கண்ணாடிக் கதவை மூடினேன், பாட்டைப் போட்டேன். முப்பத்தெட்டைத் தொட்டதும் ஃபேன் மெல்ல ஓடுது. "பாருங்க, யாரும் சொல்லலை, தன்னாலயே ஓடுது"ன்னேன். ஒவ்வொருத்தரும் குனிஞ்சு குனிஞ்சு பாக்காங்க. சரணத்துக்கு வந்துச்சு. நிக்கலை! இறங்கி முப்பத்தஞ்சுக்கு வந்து ஃபேன் தன்னால நின்னுச்சு. எல்லாரும் கை தட்டினாங்க. அடுத்த பாட்டும் முடிஞ்சுது. அதுக்கு அடுத்ததும் முடிஞ்சுது. சாப்பாடு மட்டும் வரலை.

வந்திருந்தவங்கள்ல ஒருத்தரோட வீட்டம்மா நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவ. தண்ணி குடிக்க அடுக்களைக்குப் போனா. போனவ ஒரே சத்தம். ஓடிப் பாத்தா உலகு தரையில கிடக்கா. வடை எண்ணெயில கருகிக்கிட்டு இருக்கு. அந்த அம்மா அடுப்பை அணைச்சா, ரெண்டு பொம்பளைகளைக் கூப்பிட்டு இவளைத் தூக்கிக்கிட்டு வந்து ஹால்ல படுக்க வச்சா. என்னைப் பாத்து, "இந்த அடுக்களைக்குள்ளயா இவங்களை நிக்க விட்டீங்க?"ன்னு கேக்கா. நான் என்ன விட்டேன்? அவளாத்தான் நின்னா.

உலகு கண்ணை முழிச்சுச் சுத்திப் பாத்தா. அத்தனை பேரு நிக்காங்க. என்னைத் தேடிப் பிடிச்சுப் பாத்து, "பாட்டு நின்னுட்டா?"ன்னு கேட்டா.

"இந்த அம்மா போட்ட சத்தத்துல நான்தான் நிறுத்தினேன்"ன்னேன். உண்மையைத்தானே சொன்னேன்? அந்த நர்ஸம்மா என்னை ஒரு பார்வை பாத்தா.

டாக்டர்கிட்ட கூட்டிக்கிட்டுப் போனோம். சின்னப் பையன் அந்த டாக்டரு. "சூட்டுல உடம்பு வறண்டு மயக்கம் வந்திருக்கு. காத்தோட்டமான இடத்துல வச்சிருங்க"ங்கான். காத்தோட்டத்தைப் பத்தி என்கிட்டயே சொல்லுதான் அண்ணாச்சி! கீழ துளை வேணும், மேல ஃபேன் வேணும்னு நான் அவனுக்கு எடுத்துச் சொன்னேன். அவன் ஊசியைக் கையில வச்சுக்கிட்டே கேட்டான். கேட்டுட்டு, "இதெல்லாம் எங்க பண்ணியிருக்கீங்க?"ன்னான். கேபினட்டுலன்னேன். பெறகு அவன் உலகுகிட்டதான் பேசினான்.

மறுநாளே மச்சினன் குத்தாலிங்கம் காரை எடுத்துக்கிட்டு வந்துட்டான். மரியாதையான பயல். "அத்தான், அக்காவைக் கொஞ்ச நாளு கூட்டிக்கிட்டுப் போறேன்"ன்னான். உலகு பையைத் தூக்கிக்கிட்டு வந்தா. போகும்போது நான் நிக்கிற இடத்தைத் தாண்டிப் போயி, கேபினட்டுக் கண்ணாடியில முகத்தைப் பாத்துப் பொட்டைச் சரி பண்ணிக்கிட்டா. "இனிமே உங்க மெஷின் குளுகுளுன்னு இருக்கும்"ன்னா.

அதுவும் சரியாத்தான் போச்சு, அதைச் சொல்லணும்லா. அவ போன பெறகு முப்பத்திமூணைத் தாண்டலை. ஃபேன் ஓடவே இல்லை. அடுப்புதான் காரணம்னு நான் சொன்னது நூத்துக்கு நூறு நிரூபணம் ஆகிட்டு. பாட்டா? இல்லை, பாட்டு எதுவும் போடலை. போடத் தோணலை. மெஸ்ஸுல சாப்பிட்டுட்டு வந்து நாற்காலியில உக்காந்து அந்த நம்பரைப் பாப்பேன். முப்பத்திமூணு. சாயந்திரமும் முப்பத்திமூணு. ஒரு சத்தம் கிடையாது வீட்டுல. ஒரு நாள் போயி அடுப்பைப் பத்த வச்சு, மேல தண்ணிச் சட்டியை வச்சுட்டு வந்து உக்காந்தேன். ஃபேன் ஓடுதான்னு பாக்கதான். ஒரு சோதனைக்கு. வேற ஒண்ணுமில்லை.

ஓடலை.

ஆனி கடைசியில ஃபோன் பண்ணினேன். குத்தாலிங்கம் எடுத்தான். எடுத்து, "அத்தான், அக்கா வருவா. ஆனா ஒண்ணு சொல்லச் சொன்னா"ன்னு இழுத்தான்.

"என்ன வே?"

"வந்தா ஆறு மாசத்துக்கு அடுக்களை உங்க பொறுப்பாம். அக்கா ஹால்ல உக்காந்து பாட்டு கேப்பாளாம்."

பின்னால உலகு சிரிக்கிற சத்தம் கேக்கு. அவ அப்படிச் சிரிச்சு நான் கேட்டு வருஷக்கணக்காச்சு. எனக்குக் கோவம் வரணும். வரலை. அடுக்களை என்ன பெரிய வித்தையா? பண்டகசாலையில அத்தனை பேரை வச்சு மேய்ச்சவன், ஒரு அடுப்பை மேய்க்க மாட்டேனா? "சரின்னு சொல்லு"ன்னுட்டேன்.

சொன்னதோட இருக்கலை. அவ முன்னால போய்த் திணறக் கூடாதுலா, பழகிக்கிடுவோம்னு காய்கறி வாங்கிட்டு வந்து அடுக்களைக்குள்ள போனேன். குக்கரை வச்சேன். கத்திரிக்காயை வதக்கினேன். அண்ணாச்சி, சத்தியமா சொல்லுதேன், கத்திரிக்காய் வதங்குததுக்கு முந்தி நான் வதங்கிட்டேன். பனியனைப் பிழிஞ்சா ஒரு செம்பு தண்ணி வரும். வேர்க்குது, வேர்க்குது, ஆறவே மாட்டேங்குது! கண்ணு எரியுது, காது அடைக்குது. ஜன்னலைத் திறந்தா பக்கத்து வீட்டுச் சுவரு, அதுவும் அனலை அடிக்குது. அடுப்பை அணைச்சுப் போட்டுட்டு வெளிய ஓடியாந்து தரையில உக்காந்தேன். இத்தனைக்கும் ஆனி மாசம். அக்னி நட்சத்திரம் கூட இல்லை.

உடனே ஐசக்குக்கு ஃபோன் போட்டேன். "வே, பலகையைப் பிடுங்கணும், எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டணும். கீழயும் காத்து வர ஒரு வழி பண்ணணும். தெர்மோஸ்டாட்டும் வை, முப்பத்தஞ்சுலயே ஓடட்டும்"ன்னேன்.

"அக்கா வாராங்களா சார்?"ன்னான்.

"அக்கா வாரது இருக்கட்டும். இனிமே அங்கன நான்லா நிக்கணும்"ன்னேன்.

மாட்டிட்டான். முந்தாநாளுதான் முடிஞ்சுது. அருமையா இருக்கு. உலகுகிட்ட இன்னும் சொல்லலை, கூட்டிக்கிட்டு வந்து காட்டணும். பாத்தா அசந்து போவா. அடுக்களைக்குள்ள நின்னா இப்ப சிலுசிலுன்னு காத்து வருது அண்ணாச்சி. நின்னு பாத்தப்பதான் எனக்கே உறைச்சுது, இதை வீடு கட்டினப்பவே செஞ்சிருக்கணும். ஒரு மனுஷன் நாள் முழுக்க நிக்கிற இடம்லா அது?

இத்தனை வருஷத்துல யாராவது ஒருத்தர் எனக்கு எடுத்துச் சொல்லியிருக்கலாம்.